பட்டை சொன்ன கணக்கு: குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வற்றிய நிகழ்வு

பின்னணி

தோட்டம் திருவட்டாறு பக்கம், மலையடிவாரச் சரிவில் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 2 ஏக்கர். தோட்டக்காரர், அதாவது தோட்டத்தின் உரிமையாளர், வளைகுடா நாட்டில் பல வருடம் வேலை பார்த்தவர். 2004 ஜூன் மழையில் ஒட்டுக்கன்று நட்டார். ரகம் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105. இந்தியாவில் ரப்பர் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. டிஜிர் 1, கிளென்ஷீல் 1 என்ற இரண்டு ரகங்களையும் கலந்து கோட்டயத்தில் உருவாக்கி, 1980-ல் வெளியிட்ட ரகம். பால் அள்ளித் தரும். பால் வெட்டும் இடைவெளியைக் குறைத்தால் சீக்கிரம் வற்றியும் போகும். அதனால்தான் இந்த ரகத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டச் சொல்கிறது ரப்பர் வாரியம். குமரியில் அந்தப் பரிந்துரையைக் கேட்டிராத ஆள் கிடையாது. அதன்படி வெட்டுகிறவர்கள் குறைவு.

2011-ல் ரப்பர் விலை கிலோ 240 ரூபாயைத் தொட்டது. தோட்டத்துக்கு அப்போது 7 வயது. ஒட்டிடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்த மரத்தில்தான் கத்தி வைக்கலாம் என்பது விதி. ஆனால் மகன் வெளிநாட்டில் இருந்ததால் தோட்டத்தை நடத்திய அப்பா, பெருத்தது சிறுத்தது பார்க்காமல் எல்லா மரத்தையும் ஒரே வாரத்தில் திறந்துவிட்டார். "விலை நிக்கும்போ வெட்டணும்" என்று சொன்னாராம். அந்த வருடம் அப்படிச் சொல்லாதவர் யார்?

ஐந்து வருடம் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. பால் வெட்டும் ஆளும் தோட்டக்காரரும் பாதிப் பாதி பங்கு. 2016 தொடக்கத்தில் விலை 100 ரூபாய்க்கும் கீழே போனபோது பங்கு கட்டுப்படியாகவில்லை என்று ஆள் நின்றுவிட்டார். அப்பாவும் படுக்கையில் விழுந்தார். அந்த வருடம் செப்டம்பரில் தோட்டத்தை 3 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். முத்திரைத்தாளில் மரங்களின் எண்ணிக்கை, தொகை, காலம் மூன்றும் இருந்தன. எத்தனை நாளுக்கு ஒரு வெட்டு என்று ஒரு வரிகூட இல்லை.

இந்த மாதிரிக் குத்தகை, வெட்டித் தள்ளி மறுநடவு செய்யப்போகிற கிழட்டுத் தோட்டங்களுக்காக வந்தது. இரண்டொரு வருடத்தில் மரம் விழத்தான் போகிறது, இருக்கிற பாலை எடுத்துக்கொள் என்பது அதன் கணக்கு. 12 வயது மரத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த நிகழ்வு.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஓகி புயல் 41 மரங்களைச் சாய்த்தது. மிச்சம் நின்றவை 312.

அழைப்பு வந்தபோது

2019 ஆகஸ்டில் குத்தகை முடிந்தது. தோட்டக்காரர் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். செப்டம்பரில் புது ஆளை வைத்து வெட்ட ஆரம்பித்ததும், பல மரங்களில் வெட்டுக்கோடு, அதாவது கத்தி பட்டையைச் சீவிய தடம், முழுக்க ஈரம்கூட இல்லை. சிலவற்றில் பாதிக்கோடு பால், பாதிக்கோடு காய்ந்து கிடந்தது. இன்னும் சிலவற்றில் வேறு விதம். பத்து மணிக்குச் சிரட்டையை எடுத்த பிறகும், மத்தியானம் வரை தண்ணீர் மாதிரி சொட்டிக்கொண்டே இருந்தது.

எனக்கு ரப்பர் மரத்தின் உடலியங்கியலில் பல வருட வேலை. அவருடைய உறவினர் ஒருவர் மூலம் நவம்பரில் போன் வந்தது. "சார், மரத்துக்கு ஏதோ நோய் வந்திருக்கு. என்ன மருந்து அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்றார்.

அதற்குள் அவரே இரண்டு வைத்தியம் பார்த்திருந்தார். உரக்கடைக்காரர் சொன்னபடி வெட்டுப்பட்டைக்கு பூஞ்சைக்கொல்லியான போர்டோ பசை பூசியிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார் என்று எல்லா மரத்துக்கும் பொட்டாஷ் போட்டிருந்தார். இரண்டாலும் கெடுதல் இல்லை. பலனும் இல்லை.

பார்த்தவை

முதல் இரண்டு நாளும், இது தொற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்துவதிலேயே போனது. வெட்டுக்கோட்டுக்கு மேலே பட்டையைச் சுரண்டினால் செங்குத்தான கறுப்புக் கோடுகள் தெரிய வேண்டும், அது ஃபைட்டோஃப்தோரா பூஞ்சையின் அடையாளம். இங்கே இல்லை. இளஞ்சிவப்பு நோய் கவட்டையில் வரும், பெரும்பாலும் வெட்டுக்கு வராத இளமரத்தில். அதுவும் இல்லை. வெள்ளை வேர்நோயா என்று ஐந்து மரங்களின் ஆணிவேர்க் கழுத்தைத் தோண்டிப் பார்த்தோம், வேர் சுத்தம். இலை அடர்த்தியாக, பச்சையாக, நன்றாகவே இருந்தது. மரத்துக்குச் சீக்கு என்றால் முதலில் தலையில்தானே தெரியும். இங்கே தலை செழிப்பாகவும் மடி வற்றியும் இருந்தது.

வற்றிய மரங்களில் வெட்டுக்கோட்டுக்குக் கீழே பட்டையை மெல்லச் சீவினால் உள்பட்டையில் பழுப்புத் திட்டுகள். சிலவற்றில் பட்டை தடித்து, வெடித்து, உள்ளே மரக்கட்டி உருண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்குப் பட்டை மரப்பு என்று பெயர். கை மரத்துப்போவது போலப் பட்டை மரத்துப்போகிறது. ஜாவா, மலேயா, இலங்கைத் தோட்டங்களில் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்த கோளாறு இது. அன்று முதல் பாக்டீரியா, பூஞ்சை என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டினார்கள். வைரஸ் போன்ற நுண்கிருமிகளையும் பின்னால் தேடினார்கள். ஒன்றும் நிரூபணமாகவில்லை.

மூன்றாவது நாள் 312 மரத்தையும் வெட்டவைத்துப் பார்த்தேன். கோடு முழுக்கப் பால் வந்தவை 141. கோட்டில் ஒரு பகுதி மட்டும் பால் வந்தவை 96. முழுக்க வற்றியவை 75.

அன்றைக்கு ஒரு விஷயத்தைக் கவனித்தவர் தோட்டக்காரர்தான். "பாருங்க சார், பால் இல்லாத மரம்தான் நல்லா தடிச்சிருக்கு" என்றார். 150 செ.மீ. உயரத்தில் சுற்றளவு எடுத்தோம். வற்றியவற்றின் சராசரி 74 செ.மீ., பால் தருபவற்றின் சராசரி 67 செ.மீ. வெட்டு மரம் ஒவ்வொரு வெட்டிலும் தன் சர்க்கரையில் ஒரு பங்கைச் சிரட்டைக்குக் கொடுக்கிறது. அந்த வாசல் அடைபட்ட மரம் அதையே கட்டையாக்கிக்கொள்கிறது. வேகமாக வளர்ந்த மரங்களே முதலில் வற்றின என்றும் இதைப் படிக்கலாம். எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்ல, திறந்த காலத்துச் சுற்றளவு வேண்டும். அதை யாரும் எடுத்து வைக்கவில்லை.

நாடாவால் அளந்தது

குத்தகைக்காரரைப் போய்ப் பார்த்தோம். மரியாதையாகப் பேசினார். "ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டினேன். மருந்தெல்லாம் வைக்கல" என்றார். மறுக்க எங்களிடம் எழுத்து எதுவும் இல்லை.

ஆனால் ரப்பர் மரம் கணக்கு எழுதி வைத்திருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் பட்டையில் ஒரு சீவல் போகிறது. நல்ல கைக்கு 1.5 மி.மீ. அளவு. வெட்டுக்கோடு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். எங்கே தொடங்கியது, இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், இடையில் எத்தனை முறை கத்தி விழுந்தது என்று வகுத்துச் சொல்லிவிடலாம்.

முதல் பக்கப் பட்டை, அதாவது மரத்தின் சுற்றில் ஒரு பாதி, 2016-லேயே முடிந்திருந்தது. ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 105 செ.மீ. வருடத்துக்கு 21 செ.மீ. வருகிறது. மழைநாளும் இலையுதிர்கால ஓய்வும் போக, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுக்கு 140 வெட்டு. கணக்கு பொருந்துகிறது.

இரண்டாவது பக்கத்தைக் குத்தகைக்காரர்தான் 125 செ.மீ. உயரத்தில் திறந்தார். குத்தகை முடிந்தபோது கோடு 32 செ.மீ. உயரத்தில் நின்றது. மூன்று வருடத்தில் 93 செ.மீ. வருடத்துக்கு 31 செ.மீ. என்றால் 200-க்கும் அதிகமான வெட்டு. மூன்று நாளுக்கு ஒரு வெட்டு முறையில் ஆறேழு வருடம் வரவேண்டிய பட்டை அது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. சீவல் தடிமனாக இருந்தால் குறைந்த வெட்டிலும் இவ்வளவு பட்டை போகும். அதனால் நாடாவை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. குத்தகைக் காலத்தில் வெட்டிய ஆளைத் தேடிப் பிடித்தோம். ஐம்பது வயதுக்காரர், மரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு மொதலாளி. பாக்கி எல்லா நாளும் வெட்டச் சொன்னாரு. பால் குறைஞ்சப்போ கோட்டுக்கு மேல மருந்து தேய்ச்சோம்" என்றார். எத்தனை தடவை என்று கேட்டதற்கு, "குறையும்போதெல்லாம்" என்றார். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் மூலையில், பால் கூட்டும் மருந்தான எத்திஃபானின் காலிப்புட்டிகள் கிடந்தன. என்ன பலத்தில் கரைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியும் முன் தலைவிளக்கோடு 300 மரம் வெட்டுகிறவரிடம், நாளைக்கு வெட்டாமல் இரு என்று சொல்வது அவருடைய அரிசியைக் குறைப்பது.

அவர் கத்திவேலையும் அவசர வேலைதான். முதல் பக்கத்தில் வளர்ந்திருந்த புதுப்பட்டையில் மேடும் பள்ளமும் இல்லை. இரண்டாவது பக்கம் முழுக்க காயம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் வளர்படலத்தைக் கத்தி தொட்டிருக்கிறது. அது படாமல் 1 மி.மீ. பட்டையாவது விட்டிருக்க வேண்டும்.

மரத்துக்குள் நடந்தது

பால் என்பது மரத்தின் ரசமோ சாறோ இல்லை. உள்பட்டையில் வளையம் வளையமாக ஓடும் பால்குழாய்கள் உயிருள்ள செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆனவை. நாம் வெட்டும்போது வெளியே வருவது அந்தச் செல்லின் உள்ளீடு. ரப்பர் துகள், சர்க்கரை, புரதம், நொதி எல்லாம் கலந்தது. செல்லின் கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் சுவரோடு ஒட்டி உள்ளேயே நின்றுவிடுகின்றன. அதனால்தான் போனதையெல்லாம் மரம் மறுபடி செய்துகொள்ள முடிகிறது. இலையிலிருந்து வரும் சர்க்கரைதான் அதற்கு மூலப்பொருள். குழாய் நிறைந்து பழைய நிலைக்கு வர 48 முதல் 72 மணி நேரம் ஆகும். மூன்று நாள் இடைவெளி என்பது வாரியம் ஏதோ நினைத்து எழுதிய எண் இல்லை.

விடியற்காலையில் குழாய்க்குள் அழுத்தம் 10 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே இருக்கும். வெட்டியதும் அந்த அழுத்தத்தில்தான் பால் பீறிடுகிறது. கொஞ்ச நேரத்தில் பாலிலுள்ள லூட்டாய்டு என்ற நுண்பைகள் உடைந்து ரப்பரைத் திரட்டி, வெட்டுவாயை அடைக்கின்றன. புண் ஆறும் வழி அது. எத்திஃபான் விடுகிற எத்திலீன் இந்த அடைப்பைத் தள்ளிப்போடுகிறது. அதனால் பால் நீண்ட நேரம் ஓடும். மரத்துக்குக் கூடுதல் சர்க்கரை எதையும் அது கொண்டுவருவதில்லை. அடிக்கடி வெட்டுவதோடு இதையும் சேர்த்தால் செல் தன்னைச் சரிசெய்ய நேரமே கிடைக்காது. தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் சேர்கின்றன. அவற்றை அடக்கும் தயால் சேர்மங்கள் தீர்ந்துபோகின்றன. லூட்டாய்டுகள் குழாய்க்கு உள்ளேயே உடைகின்றன. பால் உள்ளேயே திரண்டுவிட்டால் வெளியே வர என்ன இருக்கிறது?

பத்து மரத்தின் பாலை ஆய்வகத்தில் பார்த்தோம். பாதிக்கோடு வற்றிய மரங்களில் சர்க்கரையும் தயாலும், முழுக்கோடு பால் வந்தவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. நாடாவும், ஆளின் வாக்குமூலமும், ஆய்வகமும் ஒரே திசையைக் காட்டின. அதற்குப் பிறகுதான் தோட்டக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னேன், இதற்கு அடிக்க மருந்து கிடையாது என்று.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வெட்டி மாத்திடலாமா?" என்றார்.

எடுத்த முடிவுகள்

மறுநடவு என்பது அவ்வளவு சுலபமான பதில் இல்லை. 15 வயது மரத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருட ஆயுள் இருக்கிறது. புதுக்கன்று நட்டால் ஏழு வருடம் வருமானம் கிடையாது. முழுப்பால் தரும் 141 மரத்தையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். வேண்டாம் என்றேன். மூன்று நிறப் பட்டை அடித்து மரங்களைப் பிரித்தோம்.

முழுப்பால் மரங்களுக்கு மூன்று நாளுக்கு ஒரு வெட்டு, மருந்து கிடையாது. இரண்டாவது பக்கத்தில் மிச்சமிருந்த கீழ்ப்பட்டையைக் கைவிட்டு, முதல் பக்கத்தில் மறுபடி வளர்ந்திருந்த பட்டையின் உச்சியில் புதுக்கோடு திறந்தோம். அங்கே பட்டைக்கு 8 வயது, தடிமன் போதும். வெட்டாளி மாதம் ஒருமுறை கோட்டின் ஓரத்தில் பெயிண்டால் புள்ளி வைக்க வேண்டும். பட்டைக் கணக்கை இனிமேல் ஊகிக்க வேண்டியதில்லை.

பாதிப்பால் மரங்களுக்கு ஒரு வருட முழு ஓய்வு. பால் வருகிற பாதிக்கோட்டையாவது வெட்டலாமே என்று தோட்டக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வற்றல் வெட்டுக்கோட்டிலிருந்து கீழேயும் பக்கவாட்டிலும் பரவும். மீதிக்கோட்டை வெட்டினால் அதையும் இழக்கலாம்.

வற்றிய 75 மரத்தில் எதுவும் செய்யவில்லை. 125 செ.மீ.க்கு மேலே உள்ள, இதுவரை கத்தி படாத கன்னிப்பட்டையில் ஊசியால் குத்திப் பார்த்தோம். 40 மரத்தில் பால் துளிர்த்தது. மேல்நோக்கி வெட்டும் முறைக்கு அவை பின்னால் பயன்படலாம் என்று குறித்துவைத்தோம்.

இதில் கடினமான பகுதி மரத்தில் இல்லை, ஆளில் இருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை 141 மரம் வெட்ட எந்த ஆள் வருவார்? மீதி இரண்டு நாள் அவர் என்ன செய்வார்? குமரியில் மூன்றுநாள் முறை ஏன் ஏட்டில் மட்டும் இருக்கிறது என்பதற்கு இதுதான் விடை என்று நினைக்கிறேன். எந்த ஆய்வுக்கட்டுரையிலும் இதை நான் படித்ததில்லை. தீர்வைக் கண்டுபிடித்தவர் தோட்டக்காரர். பக்கத்திலிருந்த இரண்டு சிறு தோட்டக்காரர்களைச் சேர்த்து, மூன்று தோட்டத்துக்கும் ஒரே ஆள், நாளுக்கு ஒரு தோட்டம் என்று சுற்று போட்டார். அதற்குச் சம்மதித்து வந்தவர், குத்தகைக் காலத்தில் தினமும் வெட்டிய அதே ஐம்பது வயதுக்காரர். வேண்டாம் என்று நான் தயங்கினேன். தோட்டக்காரர் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

தொடர்ந்தது

2019 டிசம்பரில் புதுமுறை தொடங்கியது. பிப்ரவரியில் இலையுதிர்ந்து தளிர் வரும் காலம் என்று வழக்கம்போல் நிறுத்தினோம். மார்ச் கடைசியில் ஊரடங்கு. மறுபடி கத்தி எடுத்தது ஜூன் மாதம், பாலிதீன் மழைக்கவசம் கட்டிய பிறகு. முழுப்பால் மரங்களுக்கும் சேர்த்து நான்கு மாத ஓய்வு. நாங்கள் திட்டமிட்டிருந்தால் தோட்டக்காரர் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார்.

ஜூனில் வந்த பால் கெட்டியாக இருந்தது. வெட்டு ஒன்றுக்கு மரம் தந்த பால் கூடியது. சொட்டிக்கொண்டே இருப்பது நின்றது. ஆனால் வெட்டு எண்ணிக்கை குறைந்ததால் வருட மொத்தம் குறைவுதான். முதல் வருட ஷீட் விற்பனை, அவர் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. கோட்டிலும் சிரட்டையிலும் உறைந்த ஒட்டுப்பால் விற்ற காசும் சேர்த்துத்தான் வீட்டுச் செலவை ஓட்டினார். ஒரு தடவை போனில், "பக்கத்துல எல்லாரும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுறாங்க சார், நான் மட்டும் வேடிக்கை பார்க்கேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2021 மார்ச்சில், ஓய்வு கொடுத்த 96 மரத்தையும் வெட்டிப் பார்த்தோம். 58 மரத்தில் கோடு முழுக்கப் பால். 27 மரத்தில் இன்னும் பாதி. 11 முழுக்க வற்றியிருந்தன. இது நான் நினைத்ததைவிட நல்ல முடிவு. அந்தச் சந்தோஷத்தில்தான் தவறு செய்தேன்.

என் தவறு

பால் வந்துவிட்டது, எனவே மரம் தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். 58 மரத்தையும் அப்படியே முழுப்பால் மரங்களோடு சேர்த்து, அரைச்சுற்றுக் கோடு, மூன்று நாளுக்கு ஒரு வெட்டு என்று சொல்லிவிட்டேன். ஐந்து மாதத்தில் 19 மரம் மறுபடி வற்றின.

ஓய்வில் இருந்த குழாயில் பால் நிறைந்திருப்பது ஒன்று. வெட்ட வெட்ட அதே வேகத்தில் அதை மறுபடி செய்துகொள்ளும் திறன் இன்னொன்று. முதல் வெட்டில் கொட்டியதைப் பார்த்து இரண்டாவது இருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். முதல் ஒரு மாதம் வாராவாரம் பாலின் சர்க்கரையைப் பார்த்திருந்தால், இறங்குமுகம் முன்பே தெரிந்திருக்கும். ஓய்வு கொடுத்தால் தேறி, கத்தி வைத்ததும் மறுபடி விழும் மரங்களைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றைப் படித்திருந்தும் செய்தேன்.

எஞ்சிய 39 மரத்தை ஆறு நாளுக்கு ஒரு வெட்டுக்கு மாற்றினோம். மூன்று தோட்டச் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்று என்று அது சுலபமாகப் பொருந்தியது. அதற்குப் பின் அந்த வகையில் வற்றியவை 3 மட்டும்.

2022-ல் இன்னொன்றும் செய்து பார்த்தோம். வற்றிய மரங்களில் மேல்பட்டையில் பால் காட்டிய 40-ல், 24 மரத்தில் கால்சுற்றுக் கோடு போட்டு மேல்நோக்கி வெட்டினோம். பால் வந்தது. ஆனால் தலைக்கு மேல் நீளக்கைப்பிடிக் கத்தியால் வெட்டுவது வேறு வித்தை. பால் கோட்டில் நிற்காமல் பட்டையில் வழிந்து பாதி வீணானது. ஆளுக்குக் கழுத்துவலி. நான்கு மாதத்தில் நிறுத்தினோம். பயிற்சி உள்ள ஆள் இருக்கிற இடத்தில் இது நடக்கும். அந்தத் தோட்டத்தில் நடக்கவில்லை.

2023 நிலவரம்

கடைசியாக நான் முழுக்கணக்கு எடுத்தது 2023 அக்டோபரில். ஆரம்பத்தில் முழுப்பால் தந்த 141 மரத்தில் 118 அப்படியே தருகின்றன. 17 பாதிக்கோட்டுக்கு வந்து ஓய்வில் இருக்கின்றன. 6 வற்றிவிட்டன. நான்கு வருடத்தில் இந்த இழப்பு இந்த ரகத்துக்கு அதிகம் என்று சொல்லமாட்டேன். அதே சமயம், முறையாக வெட்டியும் மரப்பு முழுக்க நிற்கவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. குத்தகைக் காலத்தில் உள்ளே தொடங்கியது இப்போது வெளியே தெரிகிறதா, ரகத்தின் குணமா என்று ஒரு தோட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஓய்வில் தேறிய 58-ல் 36 ஆறுநாள் முறையில் ஓடுகின்றன. முழுக்க வற்றிய 75-ல் தானாகத் திரும்பியவை 9. மற்றவை நிழலுக்கும் விறகுக்கும் நிற்கின்றன. சுற்றளவு மட்டும் வருடாவருடம் ஏறுகிறது. கட்டை விலை பார்த்தால் அவை முழு நஷ்டம் இல்லை என்று தோட்டக்காரர் இப்போது சொல்கிறார். அதைச் சொல்லும்போது சிரிக்கிறார், முதல் வருடம் சிரிக்கவில்லை.

குத்தகைக்காரர் மேல் வழக்குப் போடலாமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டிருக்கிறார். பத்திரத்தில் இல்லாத ஒன்றை மீறியதாக எப்படிச் சொல்வது என்று கேட்டு அனுப்பிவிட்டார் வக்கீல்.

இன்னொரு முறை என்றால்

திறக்கும் நாளில் சுற்றளவை எழுதிவைக்காதது எல்லாவற்றுக்கும் மேலே என்னை உறுத்துகிறது. அவசரப்பட்டுத் திறந்த மெலிந்த மரங்கள்தான் பின்னால் வற்றினவா என்று கேட்டால், ஆம் என்று நினைக்கிறேன். நிரூபிக்க ஒரு எண் கிடையாது. நாடாவும் ஒரு நோட்டும் போதும், அரைநாள் வேலை.

ஓய்விலிருந்து திரும்பும் மரத்துக்கு முதல் ஆறு மாதம் ஆறுநாள் இடைவெளி என்றே தொடங்குவேன். பால் எவ்வளவு கொட்டினாலும் சரி. ஓய்வு கொடுக்காமல் பாதிக்கோட்டை வெட்டும் ஒரு வரிசையையும் ஒப்பீட்டுக்கு விட்டிருக்க வேண்டும். அப்போது தோட்டக்காரரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் 58 மரம் தேறியது ஓய்வால்தான் என்று அடித்துச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.

குத்தகைப் பத்திரத்தில் நான்கு வரி சேர்க்கச் சொல்லி இப்போது கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன். எத்தனை நாளுக்கு ஒரு வெட்டு. வருடத்துக்கு எத்தனை செ.மீ. பட்டை. எத்திஃபான் வைப்பதானால் யாருடைய எழுத்துச் சம்மதத்தோடு. வளர்படலத்தில் காயம் பட்டால் மரத்துக்கு எவ்வளவு. இரண்டாவது வரி இருந்தால் முதலாவதைக் கண்காணிக்க ஆள் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயிண்ட் புள்ளியிலிருந்து நாடா பிடித்தால் போதும்.

போன மழைக்காலத்தில் அருமனை பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். 11 வயதுத் தோட்டம், மகன் கனடாவில், 3 வருடக் குத்தகைக்குக் கேட்கிறார்கள் என்றார். பத்திரத்தின் நகலைக் கையில் வைத்திருந்தார். மரங்களின் எண்ணிக்கை, தொகை, காலம் என்று மூன்றும் இருந்தன. இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. மேஜையில் உட்காரவைத்து, நான்காவதாக என்ன எழுதவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.